கடலை வேகவில்லை, கீரை கறுத்தது: சமையலில் அமிலமும் காரமும்

கரண்டி:
ஊறவைத்த கொண்டைக்கடலையைத் தக்காளி விழுதோடு சேர்த்து ஒரே பாத்திரத்தில் ஏற்றினால் நடு மட்டும் கட்டியாகவே நிற்கிறது. தண்ணீரில் தனியாக வேகவைத்தால் அதே கடலை வெண்ணெய் போல் நசுங்குகிறது. வேகவைத்த கீரையில் எலுமிச்சை பிழிந்து மூடி வைத்தால் சற்று நேரத்தில் பச்சை போய் ஒருவித அழுக்கு நிறம் வருகிறது. விசாரித்தால் எல்லோரும் “ஒரு சிட்டிகை சோடா போடு” என்கிறார்கள். எனக்குக் குறிப்பு வேண்டாம், காரணம் வேண்டும். புளிப்பும் சோடாவும் உணவுக்குள் போய் அப்படி என்னதான் செய்கின்றன? வேதியியல் பள்ளியோடு முடிந்துபோன ஆள் நான். அதை மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

வினையூக்கி:
நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் அயனியைக் கொடுப்பது அமிலம், அதை வாங்கிக்கொள்வது காரம். இப்போதைக்கு இவ்வளவு போதும். ஒரு கரைசல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல பிஎச் அளவு இருக்கிறது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுவடிப்பு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்த சோரன்சென் 1909-ல் கொண்டுவந்தது. ஆக, அதன் பிறப்பே உணவுத் தொழிலில்தான். 7 நடுநிலை. கீழே போகப் போக அமிலம், மேலே போகப் போக காரம். இதில் பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று: ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. பிஎச் 3 உள்ள சாறு பிஎச் 4 உள்ளதைவிட “கொஞ்சம்” அமிலம் கூடியதல்ல, பத்து மடங்கு கூடியது.

எலுமிச்சைச் சாறு 2-ஐச் சற்றுத் தாண்டி இருக்கும். வினிகர் இரண்டரைக்குப் பக்கம். தக்காளி நான்கரையை ஒட்டி. பால் 6.6 வாக்கில். நாம் சாப்பிடும் எதை எடுத்தாலும் அநேகமாக 7-க்குக் கீழேதான். காரப் பக்கம் சமையலறையில் ஆட்களே குறைவு: சமையல் சோடா கரைத்த நீர் 8.3 சுமார், அப்புறம் முட்டையின் வெள்ளைக்கரு. அது புதிதாக இருக்கும்போதே எட்டை நெருங்கியிருக்கும். ஓட்டின் நுண்துளை வழியாகக் கார்பன் டை ஆக்சைடு வெளியேற வெளியேற, நாள்பட்ட முட்டையில் 9-ஐயும் தாண்டும். அதனால்தான் புது முட்டையை அவித்தால் ஓடு உரிக்க வராமல் வெள்ளைக்கருவைப் பிய்த்துக்கொண்டு வருகிறது, சில நாள் இருந்த முட்டை சுலபமாக உரிகிறது.

இனி உங்கள் கடலை. தாவர செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது பெக்டின், செங்கல்லுக்கு நடுவே சாந்து மாதிரி. வேகிறது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தப் பெக்டின் கரைவதைத்தான். பிஎச் 4-ஐ ஒட்டி இருக்கும்போது அது மிக உறுதியாக நிற்கும். தக்காளி இருப்பது ஏறக்குறைய அதே இடம். நடுநிலையைத் தாண்டிக் காரப் பக்கம் போனால் மளமளவென்று உடையும். எனவே கடலை மேல் பழி போடாதீர்கள். தக்காளி அதை வேகவிடவில்லை.

மண்சட்டி:
இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரே உருளைக்கிழங்கை ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்கி இரண்டு பாத்திரத்தில் போடுங்கள். ஒன்றில் இரண்டு ஸ்பூன் வினிகர், இன்னொன்றில் அரை டீஸ்பூன் சோடா. சேர்ந்தாற்போல் கொதிக்க விடுங்கள். வினிகர்த் துண்டு கத்தியால் வெட்டிய விளிம்பு கலையாமல், வெந்த பிறகும் முனை கூராக நிற்கும். சோடாத் துண்டின் ஓரமெல்லாம் கரைந்து, தொட்டால் விரலில் மாவு ஒட்டும்.

இரண்டுமே பயன்படும். சாலட்டுக்குத் துண்டு உடையக் கூடாது என்றால் வினிகர். அடுப்பில் மொறுமொறுவென்று வறுக்க வேண்டும் என்றால் சோடாத் தண்ணீரில் முக்கால் வேக்காடு. அந்த மாவுப் படலம்தான் எண்ணெயில் மொறுமொறுப்பாகிறது.

என் கைப்பழக்கம் இது: பருப்பு, கடலை, காய்ந்த பீன்ஸ் எதுவானாலும் முழுசாக வெந்த பிறகுதான் தக்காளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம். எவ்வளவு புளிப்பு என்பதைவிட எப்போது புளிப்பு என்பதுதான் கணக்கு. நேரத்தைத் திருப்பியும் பயன்படுத்தலாம். காய் போதுமான பதத்துக்கு வந்துவிட்டது, இதற்கு மேல் குழையக் கூடாது என்றால் அந்தக் கணத்தில் புளிப்பைச் சேர்த்துவிடுங்கள், அப்படியே நின்றுவிடும்.

கரண்டி:
அப்படியானால் எல்லாவற்றிலும் சோடா போட்டுவிட்டால் எரிவாயு மிச்சம்தானே? ஏன் யாரும் செய்வதில்லை?

வினையூக்கி:
செய்கிறார்கள், அப்புறம் வருத்தப்படுகிறார்கள்.

முதலாவது, வைட்டமின் பி1. தயாமின் என்பார்கள். காரத்தில் சூடேறினால் வேகமாகச் சிதையும். பருப்பு வகைகளில் நமக்குக் கிடைக்கும் நல்லதில் அது முக்கியமான ஒன்று. இரண்டாவது, சுவை. சோடா கூடினால் சோப்பு நாக்கில் பட்ட மாதிரி ஒரு வழவழப்பு. மூன்றாவது, எங்கே நிறுத்துவது என்றே தெரியாது. தோல் கழன்று உள்ளே கூழாகிவிடும். அரைத்து விழுதாக்கப் போகிறீர்கள் என்றால் அது வரம், முழுக் கடலையாகத் தட்டில் நிற்க வேண்டும் என்றால் வினை. போட்டே ஆக வேண்டும் என்றால் கால் கிலோ கடலைக்குக் கால் டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். ஊறும் நீரில் போட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவையுங்கள்.

உண்மையில் ஊறவைக்கும் நீரில் உப்புப் போடுவதே பாதி வேலையை முடித்துவிடும். பெக்டினை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் இடத்தில் சோடியம் போய் உட்காரும், தோல் இளகும். கடின நீரில் கடலை வேக மறுப்பதும் இதே கால்சியத்தால்தான். “உப்புப் போட்டால் வேகாது” என்று காலங்காலமாகச் சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை. புளிப்பின் மீது சொல்ல வேண்டிய குற்றத்தை உப்பின் மீது ஏற்றிவிட்டார்கள்.

கீரைக்கு வருவோம். பச்சையத்தின் நடுவே ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. அமிலமும் சூடும் சேர்ந்தால் அது கழன்று, அந்த இடத்தில் ஹைட்ரஜன் வந்துவிடும். உங்கள் அழுக்கு நிறம் அதுதான். கீரைக்குள்ளேயே கொஞ்சம் அமிலம் உண்டு, வேகும்போது வெளியே வரும். அதில் ஆவியாகக் கூடியது ஆவியாகிப் போகட்டும் என்றுதான் மூடாமல், நிறையத் தண்ணீரில், சீக்கிரம் வேகவைக்கச் சொல்வது. எலுமிச்சையைத் தட்டில் பரிமாறும்போது பிழியுங்கள். சோடா போட்டால் பளீரென்று பச்சையாக இருக்கும். கூடவே வழுக்கும். நிறத்துக்காகக் கீரையைக் கெடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

குமிழி:
நிறத்தைப் பற்றி வந்ததால் ஒன்று. சிவப்பு முட்டைக்கோஸை நறுக்கிச் சுடுநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தால் ஊதாச் சாறு கிடைக்கும். அதை மூன்று கண்ணாடிக் குவளையில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சை: சட்டென்று இளஞ்சிவப்பு. இன்னொன்றில் சோடா: நீலம், இன்னும் போட்டால் பச்சையை நோக்கிப் போகும். மூன்றாவது ஒப்பிட்டுப் பார்க்க. அதில் இருக்கும் அந்தோசயனின் என்ற நிறமி செய்யும் வேலை. வீட்டில் எது அமிலம், எது காரம் என்று தெரிய வேண்டும் என்றால் இதைவிட மலிவான சோதனை கிடையாது. பிள்ளைகளை அடுப்படிப் பக்கம் இழுக்கவும் நல்ல வழி. புளூபெர்ரி போட்ட கேக்கில் பழத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வருவதும் இதே கதைதான், மாவில் சோடா மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம்.

பீட்ரூட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன் நிறமி வேறு குடும்பம். புளிப்புப் போட்டாலும் அவ்வளவாக மாறாது.

ரொட்டிக்கிறுக்கு:
கேக் என்று ஒருவர் வாயெடுத்துவிட்டதால் நான் உள்ளே வரலாமா? பேக்கிங்கில் இந்த அமில-காரக் கணக்கு தெரியாமல் செய்முறையை மாற்றுகிறவர்கள்தான் அதிகம். “பேக்கிங் பவுடர் இல்லை, அதே அளவு சோடா போட்டேன், கேக் கசக்கிறது” என்று வாரம் ஒருவர் கேட்கிறார்.

சோடா என்பது சோடியம் பைகார்பனேட் மட்டும். அமிலம் கிடைத்தால் உடனே பொங்கிக் கார்பன் டை ஆக்சைடு விடும். அந்த வாயுதான் மாவைத் தூக்குகிறது. அமிலம் கிடைக்காவிட்டாலும் சூட்டில் தானே சிதைந்து கொஞ்சம் வாயு விடும். ஆனால் பின்னால் சோடியம் கார்பனேட்டை விட்டுவிட்டுப் போகும். அது இன்னும் வலுவான காரம். மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், உலோகம் போன்ற கசப்பு எல்லாம் அதிலிருந்துதான்.

பேக்கிங் பவுடர் என்பது சோடாவோடு உலர்ந்த அமிலப் பொடியையும், ஈரம் இழுக்காமல் இருக்க ஸ்டார்ச்சையும் சேர்த்தது. காரமும் அமிலமும் உள்ளேயே இருப்பதால் ஈரம் பட்டால் போதும். கடையில் கிடைப்பதில் பல இரண்டு கட்டமாக வேலை செய்யும், கலக்கும்போது கொஞ்சம், அடுப்பின் சூட்டில் மீதி. சோடாவின் வீரியம் அதைவிடச் சுமார் மூன்று மடங்கு. ஒரு டீஸ்பூன் பவுடருக்குப் பதில் ஒரு டீஸ்பூன் சோடா போட்டால் என்ன ஆகும் என்று இப்போது புரியும்.

எனவே செய்முறையில் சோடா இருந்தால் அதற்குத் துணையான அமிலம் எங்கே என்று தேடுங்கள். தயிர், மோர், தேன், வெல்லப்பாகு, எலுமிச்சை, ஏதோ ஒன்று இருக்கும். ஒரு கப் தயிருக்கு அரை டீஸ்பூன் சோடா என்பது கைக்கு வந்த கணக்கு. தயிரை எடுத்துவிட்டுப் பால் ஊற்றுகிறீர்களா? சோடாவையும் மாற்றியாக வேண்டும்.

கோகோ பொடியில் பலர் சறுக்குகிறார்கள். சாதாரணக் கோகோ லேசான அமிலம், ஐந்தரை வாக்கில். டச்சு முறைக் கோகோ காரத்தால் பதப்படுத்தப்பட்டது, நடுநிலைக்கு வந்துவிட்டிருக்கும், சில அதற்கு மேலும். நெதர்லாந்தின் வான் ஹூட்டன் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிவைத்த முறை. நிறம் ஆழமாக இருக்கும், கடுப்பு குறைவு. சோடாவை மட்டும் நம்பியிருக்கும் கேக்கில் இதைப் போட்டால் சோடாவுக்கு ஜோடி இல்லாமல் போய்விடும். உறையில் “காரம் சேர்த்துப் பதப்படுத்தியது” என்ற பொருளில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

பொன்னிறமாவதும் காரப் பக்கம் வேகமெடுக்கும். வெங்காயம் வதக்கும்போது சிட்டிகை சோடா போட்டால் பாதி நேரத்தில் சிவந்துவிடும். ஆனால் இழை இழையாக இருக்காது, ஜாம் மாதிரி குழைந்துவிடும். சூப்புக்குச் சரி, மேலே தூவுவதற்கு உதவாது.

எளியவாழ்வு:
எல்லாம் சரி. ஆனால் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். அமில உணவு உடம்பை அமிலமாக்கும், அதுதான் நோய்க்கெல்லாம் மூலம். காரத்தன்மையுள்ள நீரும் உணவும் எடுத்தால் ரத்தம் சரியாகும். எலுமிச்சைகூட உள்ளே போனதும் காரமாக மாறிவிடும் என்கிறார்கள். இதைப் பற்றியும் எழுதுங்கள்.

வினையூக்கி:
எழுதுகிறேன், ஆனால் உங்களுக்குப் பிடிக்காது.

ரத்தத்தின் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்கிறது. நுரையீரலும் சிறுநீரகமும் ஓயாமல் அதைக் காவல் காக்கின்றன. அந்த வரம்பை விட்டு வெளியே போனால் அது மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை. காலையில் குடித்த தண்ணீரால் மாறுகிற சமாச்சாரம் அல்ல. காரநீர் முதலில் போய் விழுவது இரைப்பையில். அங்கே பிஎச் 2 வாக்கில் அமிலம் காத்திருக்கிறது. சாப்பிட்டதைப் பொறுத்துச் சிறுநீரின் பிஎச் மாறும், அது உண்மை. எலுமிச்சை காரமாகிறது என்ற பேச்சு வந்தது அதிலிருந்துதான். சிறுநீர் மாறுவது, உடம்பு வேண்டாததை வெளியே தள்ளி ரத்தத்தை நிலையாக வைத்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

காய்கறி, பழம் அதிகம் சாப்பிடச் சொன்னால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் காரணம் அதுவல்ல.

அமில உணவு நேரடியாகத் தொல்லை கொடுக்கும் இடம் ஒன்று உண்டு என்றால் பல். எனாமல் பிஎச் ஐந்தரைக்குக் கீழே கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றையும் கோலாவையும் நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருப்பது நல்லதல்ல. குடித்த உடனே பல் தேய்ப்பதும் வேண்டாம், இளகிய எனாமலைப் பிரஷ் தேய்த்து எடுத்துவிடும்.

எளியவாழ்வு:
பல் விஷயம் ஏற்கிறேன். மற்றது என் அனுபவம் வேறு. விடுங்கள், இழை திசை மாற வேண்டாம்.

கரண்டி:
நன்றி, சமையலுக்கே திரும்புவோம். தக்காளி கிரேவி ரொம்பப் புளித்துவிட்டால் சிலர் சர்க்கரை, சிலர் சோடா என்கிறார்கள். எது சரி?

மண்சட்டி:
இரண்டும் வேறு வேறு வேலை. சர்க்கரை அமிலத்தைத் தொடுவதே இல்லை, நாக்கைத்தான் ஏமாற்றுகிறது. கோலாவின் பிஎச் ஏறக்குறைய இரண்டரை, வினிகரோடு நிற்கக் கூடியது. வினிகரை அப்படி ஒரு குவளை குடிக்க முடியுமா? கோலாவில் அவ்வளவு சர்க்கரை.

சோடா அமிலத்தையே தீர்த்துவிடும். போட்டதும் நுரைக்கும், நுரை அடங்கியதும் ருசி பாருங்கள். சிட்டிகைக்கு மேல் போனால் தக்காளியின் உயிரே போய்விடும். புளிப்பு இல்லாத தக்காளி சப்பென்று இருக்கும். அமிலம் போன இடத்தில் சோடியம் உப்பு வந்து நிற்பதால் உப்பும் கூடித் தெரியும். என் தேர்வு இரண்டுமில்லை. வெண்ணெய், கிரீம், இன்னும் கொஞ்சம் வெங்காயம். கொழுப்பு புளிப்பின் முனையை மழுக்கிவிடும்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். சூப்பில் ஏதோ குறைகிறது, உப்புப் போட்டும் எடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் குறைவது அமிலம்தான். இறக்கும்போது நாலு சொட்டு எலுமிச்சை விட்டுப் பாருங்கள்.

குமிழி:
கிரீம் என்றதும் பயம் வருகிறது. தக்காளிச் சூப்பில் பால் ஊற்றினால் எனக்குத் திரிந்துவிடுகிறது.

ரொட்டிக்கிறுக்கு:
பால் புரதமான கேசீன் பிஎச் 4.6-ல் கட்டிதட்டும். சூடாக இருந்தால் அவ்வளவு கீழே போகும் முன்பே திரியும். தயிர் உறைவதும் அதே புள்ளியை நோக்கிய பயணம்தான், அங்கே மெதுவாக நடப்பதால் வழுவழுப்பாக உறைகிறது. சூப்பில் பாலுக்குப் பதில் கெட்டி கிரீம் ஊற்றுங்கள், புரதம் குறைவு, கொழுப்பு அதிகம், திரியாது. பால்தான் இருக்கிறது என்றால் கொஞ்சம் சோளமாவு கரைத்துப் பாலைத் தனியே கெட்டியாக்கி, கடைசியில் சேர்த்து, கொதிக்க விடாமல் இறக்குங்கள்.

தீக்கங்கு:
இறைச்சியை யாரும் தொடவில்லையே! எலுமிச்சையில் இரவெல்லாம் ஊறவைத்தால் பஞ்சாகிவிடும் என்று நம்பி, கடைசியில் சுண்ணாம்பு மாதிரி வருகிறது.

வினையூக்கி:
இறைச்சி சாதாரணமாகவே ஐந்தரை பிஎச்-சில் இருக்கும். ஐந்தை ஒட்டிய ஓரிடத்தில் அதன் புரதம் நீரை மிகக் குறைவாகப் பிடித்து வைக்கும். லேசான அமிலம் அதை அந்த இடத்துக்கே தள்ளுகிறது, சாறு வெளியேறிவிடும். அமிலம் சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போவதும் இல்லை. மேல்பரப்பு மாவாகும், நடுவில் எதுவும் நடந்திருக்காது. எலுமிச்சை ருசிக்கு என்றால் அரை மணி, ஒரு மணி நேரம் போதும். தயிர் மென்மையானது, அதில் கூடுதல் நேரம் கிடக்கலாம்.

மென்மைதான் குறி என்றால் எதிர்த்திசையில் போங்கள். மெல்லிய துண்டுகளில் கொஞ்சம் சோடா தடவிக் கால் மணி நேரம் வைத்து, நன்றாகக் கழுவி, ஈரம் ஒற்றி வதக்கிப் பாருங்கள். புரதங்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்காது, நீர் உள்ளேயே நிற்கும். கழுவாமல் விட்டால் சோப்பு வாசம்.

ஒரு எச்சரிக்கை: பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் போட்டால் வெளுத்துக் கெட்டியாகி, வெந்த மாதிரியே தெரியும். புரதம் உருமாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒட்டுண்ணியும் கிருமியும் செத்துவிட்டதாக எண்ண வேண்டாம். அந்த வேலைக்குச் சூடுதான்.

மண்சட்டி:
எச்சரிக்கை என்று ஆரம்பித்துவிட்டதால் இன்னும் இரண்டு. காற்றுப் புகாமல் அடைத்து வைக்கும் உணவுக்கு பிஎச் 4.6 என்பது எல்லைக்கோடு. அதற்கு மேலே போனால் பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சுநோயை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. வாசனையில் தெரியவும் தெரியாது. தக்காளி அந்தக் கோட்டின் மீதே நிற்கிறது, நன்றாகப் பழுத்தால் மேலே ஏறும். அதனால்தான் அடைக்கும்போது லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்கிறார்கள். அதுவும் புட்டியில் வரும் சாறு, அதன் புளிப்பு ஒரே அளவாக இருக்கும் என்பதால். பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு அலமாரியில் வைப்பதையும் விட்டுவிடுங்கள், அங்கே அமிலமே கிடையாது.

இன்னொன்று பாத்திரம். வெள்ளீயம் பூசாத செம்பில் புளிப்பை வைக்கவே கூடாது. அலுமினியம், இரும்பு இரண்டும் உணவுக்குள் உலோக ருசியை இறக்கும். எவர்சில்வர், கண்ணாடி, எனாமல் என்றால் கவலை இல்லை.

குமிழி:
கடைசியாக ஒன்று கேட்கிறேன். பூண்டு ஊறுகாய்க்கு உரித்த பல்லை வினிகரில் போட்டு வைத்தேன். மறுநாள் பார்த்தால் பல்லெல்லாம் நீலப்பச்சை. செம்புப் பாத்திரம் எதுவும் தொடவில்லை, கண்ணாடி ஜாடிதான். தூக்கிப் போடவா?

வினையூக்கி:
வேண்டாம். பூண்டில் உள்ள கந்தகச் சேர்மங்களும் அமினோ அமிலங்களும் அமிலத்தில் சேர்ந்து உண்டாக்கும் நிறமி அது. குளிரில் பல நாள் இருந்த பூண்டில் அதிகம் வரும். தாராளமாகச் சாப்பிடலாம். நிறம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த முறை பல்லைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து வினிகரில் சேருங்கள். அந்த நிறமி உருவாக உதவும் நொதி சூட்டில் செயலிழந்துவிடுவதால் பெரும்பாலும் வெளுப்பாகவே நிற்கும்.